சாக்குக் கழிவு

மலிவு விமானத்தில் பெட்டிக்கு இருபது கிலோ.
கையில் ஏழு.
கூடினால் ஒவ்வொரு கிலோவுக்கும்
நின்ற இடத்தில் காசு எண்ணி வைக்கவேணுமாம்,
ஒரு நாள் அருவிவெட்டுக் கூலியைவிடக் கூட.

தவநேசன் மூன்று நாளாக இதையே சொல்கிறார்.
கனகராயன்குளத்துப் பொடியன் ஒருவன்
வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க
நிலத்தில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்து
கருவாட்டுப் பார்சலை எடுத்துக்
குப்பைத் தொட்டிக்குள் போட்டானாம்.
அதனால் முதல் ஆளாகப் போகவேணும்.
கவுண்டர் திறக்க முன்னமே போய் நிற்கவேணும்.
காலை ஒன்பதரைக்குப் பறக்கிற பிளேனுக்கு
முதல்நாள் பின்னேரமே பெட்டி கட்டி,
பூட்டுப் போட்டு,
திறப்பை அரைஞாண்கொடியில் கோத்தாயிற்று.
வான் வர இன்னும் நாலு மணித்தியாலம்.

விசுவமடுவில் பெட்டி நிறுக்கிற தராசு
யாரிடம் இருக்கிறது?
நெல் வாங்குகிற குணரத்தினத்தாரின் ஸ்டோரில்தான்.
சைக்கிள் கரியரில் பெட்டி, பின்னால் பிடித்தபடி நான்.
பெட்டிக்குச் சில்லு இருக்கிறது,
எங்கள் ஒழுங்கைக் கிரவலில் ஓடாத சில்லு.

ஸ்டோருக்குள் நெல்தூசி. ஒரு பூனை.
தட்டில் பெட்டியை வைக்க
சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது.
பத்தொன்பது எண்ணூறு.
இவர் சிரித்தார்,
இந்த மாதத்தில் முதல்தரம்.
“இன்னும் இருநூறு கிராம் இடமிருக்கு.
அந்த மோர்மிளகாயையும் வைப்பமே?”

குணரத்தினத்தார் கொப்பியில் இருந்து தலையை எடுக்கவில்லை.
பேனையை மூடினார். திறந்தார்.
றோட்டில் போன உழவு இயந்திரம்
சத்தம் ஓயும்வரை பார்த்திருந்துவிட்டுப்
பெட்டிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:
“ஒரு ரெண்டு கிலோவைக் குறைச்சுக்கொண்டு போ தம்பி.
இது... கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும்.”

ஒருவரும் பேசவில்லை.
பூனை ஒரு மூட்டையில் இருந்து
மற்ற மூட்டைக்குப் பாய்ந்தது.

ஏழு போகம்.
போகத்துக்கு எழுபது மூட்டை.
எட்டாம் வகுப்போடு நின்றவள் நான்,
பெருக்கத் தெரியும்.
தொளாயிரத்து எண்பது கிலோ.
சாக்குக் கழிவென்று எங்களுக்கு முன்னால் வெட்டினது வேறு.
ஈரமென்று வெட்டினது வேறு.
ஒரு தொன்னுக்கு இருபது கிலோதான் குறைவு.
அந்த இருபதும்
பூட்டுப் போட்டுத் தட்டில் நிற்கிறது,
கட்டாருக்குப் போக.

கேட்டிருக்கலாம்.
வாய் வரைக்கும் வந்தது.
இவரோ
“நல்ல காலம் சொன்னீங்கள் அண்ணை” என்றார்.
உண்மையில் நன்றி சொல்கிற குரல்.
அவர் சொல்லாமல் விட்டிருந்தால்
அவருக்கு ஒரு நட்டமும் இல்லை,
அதுவும் சரிதான்.

அரைஞாண்கொடியில் இருந்து திறப்பை அவிழ்த்து
நெல் சிந்திய நிலத்தில் குந்தியிருந்து
பெட்டியைத் திறந்தார்,
எதற்குப் பயந்தாரோ அதையே,
ஒரு முதலாளிக்கும் பூனைக்கும் முன்னால்.
ஒடியல் மா வெளியே வந்தது.
மிளகாய்த்தூளில் பாதி.
பாரமான துவாய் போய் மெல்லிய துவாய் மட்டும்.
பாதித் தூளைக் கட்டக்
குணரத்தினத்தாரே ஒரு ஷொப்பிங் பை தேடி எடுத்துத் தந்தார்.
இரண்டு முடிச்சுப் போட்டார்.

விடிய ஆறே முக்காலுக்குப் போன்.
“பெட்டியைக் குடுத்திட்டன். நான்தான் முதல் ஆள்.
பத்தொன்பது தொள்ளாயிரம்.
அவள் பிள்ளை ஒண்டும் சொல்லேல்ல, ரிக்கெற்றை ஒட்டி அனுப்பிட்டாள்.”
பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் யாரோ சிங்களத்தில் அறிவிக்கிற சத்தம்.
“கை ரெண்டும் சும்மா கிடக்கு.
என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல” என்றார்.

காலபோகம் வெட்ட இன்னும் ஐந்து கிழமை.
இந்தமுறை மெசினுக்குப் பின்னால் நான்தான் நிற்கவேணும்.
தருமபுரத்தில் புதிதாக ஒருவன்
கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடத் தருகிறானாம்.
அவனுடைய தராசு எவ்வளவு தின்னும் என்று
எனக்குத் தெரியாது.
இவருடையது தெரியும்.
இரண்டு கிலோ.